பதினாலு பேர் பேசும் டவர்

எங்கள் பக்கத்து ஊர்களுக்குச் செல்போன் வருவதற்குப் பத்து வருஷம் முன்பே கம்பியில்லாத போன் வந்துவிட்டது. தொலைபேசித் துறைக்குள் அதை ‘மார்’ என்போம். எக்ஸ்சேஞ்சில் ஒரு ரேடியோ, ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்திலோ மளிகைக் கடையிலோ இன்னொரு ரேடியோ. கூரைக்கு மேலே இரும்புக் குழாயில் ஆன்டெனா, அதன் பக்கத்தில் சோலார் பலகை, கீழே பேட்டரி. அதில் ஒரு வகையில் இரண்டே சேனல்களைப் பதினைந்து ஊர்கள் பங்கிட்டுக்கொள்ளும். இரண்டு ஊர்கள் பேசிக்கொண்டிருந்தால் மூன்றாவது ஊர் காத்திருக்க வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் கிடைக்காமல் பேட்டரி இறங்கிவிடும்; ஊரே தொடர்பு அற்றுக் கிடக்கும். 1985-ல் தொலைபேசித் துறையில் சேர்ந்த நான், தொண்ணூறுகளின் பெரும்பகுதியை நாகை, திருவாரூர்ப் பக்கத்தில் இந்தப் பெட்டிகளுக்கு உயிர் கொடுப்பதிலேயே கழித்தேன்.

அந்த அமைப்பைப் பின்னாளில் துறையே கைவிட்டது. ஆனால் செல்போன் என்ற பெரிய காரியத்தின் அடிக்கணக்கு முழுதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. காற்றில் இடம் கொஞ்சம்; பேச வேண்டியவர்கள் ஏராளம். ஆகவே எவருக்கும் சேனலைச் சொந்தமாகக் கொடுப்பதில்லை; பேசும் நேரத்துக்கு மட்டும் கொடுத்து, வைத்ததும் வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பது. 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி என்று இன்று எண் போட்டுச் சொல்வதெல்லாம் இந்தப் பங்கு போடும் முறை மாறிவந்த வரலாறுதான். இதைத் தெரிந்துகொண்டால் ‘டவர் ஏன் கிடைக்கவில்லை’ என்ற கேள்விக்கு முக்கால்வாசி பதில் கிடைத்துவிடும்.

கணக்கை ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தவர் ஏ. கே. எர்லாங். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த டென்மார்க்குக்காரர். இத்தனை பேர், சராசரியாக இவ்வளவு நேரம் பேசுகிறார்கள். இத்தனை லைன் போட்டிருக்கிறோம். அப்படியானால் நூற்றுக்கு எத்தனை பேருக்கு ‘எங்கேஜ்டு’ கேட்கும்? இதற்கான சூத்திரத்தை அவர் 1917-ல் வெளியிட்டார். செல்போனை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார். ஆனாலும் குரல் அழைப்பின் சுமையை இன்றுவரை அவர் பெயரால்தான் அளக்கிறோம்: ஒரு எர்லாங், இரண்டு எர்லாங் என்று.

இன்னொரு பெரிய யோசனை 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதுவரை கார்களில் வைத்திருந்த ரேடியோ போன்களுக்கு நகரத்தின் நடுவில் ஒரே ஒரு உயரமான டவர். முழு பலத்தோடு ஒலிபரப்பும். ஒரு சேனலில் ஒருவர் பேசினால் அந்த நகரம் முழுவதிலும் வேறு எவரும் அதைத் தொட முடியாது. இந்த முறையில் 1970-களில்கூட நியூயார்க்கிலேயே சில நூறு பேருக்கு மேல் இணைப்பு கொடுக்க முடியாமல் திணறினார்கள். டி. எச். ரிங் எழுதிய 1947-ம் வருஷக் குறிப்பு இதைத் தலைகீழாக்கியது. நகரத்தை அறுகோணக் கட்டங்களாகப் பிரி. கட்டத்துக்கு ஒரு சிறிய டவர், குறைந்த பலம். இந்தக் கட்டத்தில் பயன்படும் சேனலை நாலு கட்டம் தள்ளி மறுபடியும் பயன்படுத்து.

என் வேலையில் நான் ஓயாமல் வியந்தது இதைத்தான். “டவரை இன்னும் உசரமாப் போட்டா ரொம்ப தூரம் போகுமே சார்” என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். போகும். போனால் அடுத்த ஊர் டவரின் சேனலில் குறுக்கிடும். அந்தச் சேனலை அங்கே நிறுத்த வேண்டிவரும். தாழ்த்தினால்தான், நெருக்கி நட்டால்தான் நிறைய பேர் பேச முடியும். ஆனால் பேசிக்கொண்டே ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகிறவரை அறுந்துபோகாமல் கைமாற்றிவிட வேண்டும். அதற்குக் கணினி வேண்டும். அதனால்தான் யோசனை நடைமுறைக்கு வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 1973-ல் மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்று கைபேசியில் பேசினார். 1979-ல் டோக்கியோவிலும் 1983-ல் சிகாகோவிலும் சேவை தொடங்கியது. இலங்கையில் 1989-லேயே வந்துவிட்டது. தெற்காசியாவில் அதுதான் முதல்.

இவையெல்லாம் பழைய முறை. ஒருவர் பேசினால் ஒரு சேனல் முழுக்க அவருக்கே. ஐரோப்பியர்கள் 1982-ல் தொடங்கி, 1987-ல் பொதுத் தரமாக ஒப்புக்கொண்ட ஜிஎஸ்எம்தான் நேரத்தை நறுக்கியது. 1991 ஜூலை 1-ல் பின்லாந்தில் அதன் முதல் அழைப்பு. 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு கேரியரில் எட்டுப் பேர் முறை வைத்துப் பேசுவார்கள். ஒருவருடைய முறை 0.577 மில்லிசெகண்ட், மற்ற ஏழு பேரும் முடித்ததும் மறுபடி அவருக்கு. ஒரு செகண்டில் இப்படி 217 சுற்று. குரலைச் சுருக்கி, தன் முறை வரும்போது போன் அதைச் சட்டென்று அனுப்பிவிட்டு வாய் மூடிக்கொள்ளும். ரேடியோ பக்கத்தில் போனை வைத்திருந்தால், மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் ஸ்பீக்கரில் ‘டிட்-டிட்-டிட்’ என்று ஒரு இரைச்சல் கேட்குமே, ஞாபகம் இருக்கிறதா? போன் தன் முறைக்கு விழித்து விழித்து அனுப்பும் சத்தம்தான் அது.

இந்தியாவில் 1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்தார். அதே வருஷம் சென்னையில் ஆர்பிஜி, ஸ்கைசெல் என்ற இரண்டு நிறுவனங்கள் தொடங்கின. நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம்; வரும் அழைப்புக்கும் காசு. நாங்கள் செல்போனைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. 1999-ல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்து, கொள்ளை உரிமக் கட்டணத்துக்குப் பதிலாக வருமானத்தில் பங்கு என்று ஆனபின்தான் விலை இறங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஏர்செல் வந்ததும் அதே வருஷம். 2002 அக்டோபரில் எங்கள் பி.எஸ்.என்.எல். ‘செல்ஒன்’ தொடங்கியது. 2003 மே முதல் வரும் அழைப்பு இலவசம். அந்த ஒரு முடிவுதான் செல்போனைக் கொத்தனாரின் சட்டைப் பையிலும் பூக்காரம்மாவின் கூடையிலும் கொண்டுபோய் வைத்தது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது கணக்குக்கு வருகிறேன். தொடக்க கால உரிமங்களில் ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்தது போக 4.4, வர 4.4 மெகாஹெர்ட்ஸ். 200 கிலோஹெர்ட்ஸ் வீதம் வகுத்தால் 22 கேரியர். ஒரு டவருக்குத் திசைக்கு ஒன்றாக மூன்று முகம். நாலு டவருக்கு ஒருமுறை திருப்பிப் பயன்படுத்துவது என்றால் பன்னிரண்டு முகங்களுக்கு இந்த 22-ஐப் பிரிக்க வேண்டும். முகத்துக்கு இரண்டு என்றே வைப்போம். இரண்டு கேரியர், பதினாறு முறை. அதில் இரண்டு, டவரும் போன்களும் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளப் போய்விடும். மிச்சம் பதினாலு. ஊரின் ஒரு பக்கம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் பதினாலு பேர் பேசலாம். பதினைந்தாவது ஆளுக்கு ‘நெட்வொர்க் பிஸி’. எர்லாங் அட்டவணைப்படி, நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் ஏமாறக் கூடாது என்றால் பதினாலு முறைகள் 8.2 எர்லாங் தாங்கும். பரபரப்பான ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு ஒன்றரை நிமிடம் பேசுவதாக வைத்தால், சுமார் 325 பேருக்குச் சேவை கொடுக்கலாம். பதினாலு இடத்தை நம்பி 325 சிம். தொழிலே இந்த நம்பிக்கையின்மேல்தான் நின்றது.

வேளாங்கண்ணித் திருவிழாவில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை லட்சக்கணக்கில் சனங்கள் கூடும் இடம். கூட்டத்தில் குழந்தையைத் தவறவிட்ட தாய்க்கு அந்த நிமிடமே பேச வேண்டும். சக்கரம் வைத்த டவரை லாரியில் கொண்டுவந்து நிறுத்தி, முகங்களைக் குறுக்கி, கடற்கரைக்கு ஒன்று, கோயில் வாசலுக்கு ஒன்று என்று திருப்பிவைப்போம்.

திருப்புவது, குனியவைப்பது இரண்டும் கைவேலை. பெல்ட்டை இரும்புச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு மேலே நின்று, ஆன்டெனாவின் பின்பக்கத் தகட்டில் போல்ட்டைத் தளர்த்தி, டிகிரிக் கோட்டைப் பார்த்துச் சாய்த்து, மறுபடி முறுக்க வேண்டும். 30 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவை 2 டிகிரி குனியவைத்தால் அலையின் நடுப்பகுதி சுமார் 860 மீட்டரில் தரையைத் தொடும். 4 டிகிரி என்றால் 430 மீட்டரிலேயே. இரண்டு டிகிரிக்கு ஒரு தெருவே உள்ளே வரும், அல்லது வெளியே போகும். ஆன்டெனாவில் செருகும் கேபிளின் இணைப்பில் மூன்று சுற்று டேப். முதலில் ஒட்டும் டேப், அதன்மேல் ரப்பர், கடைசியில் வெயில் தாங்கும் டேப். கடைசிச் சுற்று கீழிருந்து மேலே போக வேண்டும். அப்போதுதான் ஓட்டுக் கூரைபோல் மேல் மடிப்பு கீழ் மடிப்பை மூடி மழைநீரை வெளியே வழியவிடும். மேலிருந்து கீழே சுற்றிவிட்டால் ஒரே மழைக்காலத்தில் இணைப்புக்குள் தண்ணீர். கீழே அறையில் எல்லாம் நன்றாக இருப்பதாகக் கருவி காட்டும். போன் மட்டும் பேச்சின் நடுவில் அறுந்துகொண்டே இருக்கும். உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் இந்த டேப்பைச் சரியாகச் சுற்றத் தெரிந்த, டவரேறும் ரிக்கரை நான் இன்ஜினியரைவிட மேலாக மதித்தேன்.

கடலிலிருந்தும் ஒரு கேள்வி வந்தது. நாகப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டும் ஸ்ராங்கு ஒருவர் அலுவலகத்துக்கே வந்து கேட்டார்: “ஒண்ணு ரெண்டு பாயிண்டு காட்டுதுண்ணே, ஆனா போன் போவ மாட்டேங்குது. அது என்னண்ணே?” அருமையான கேள்வி. டவரிலிருந்து தூரத்தில் இருக்கும் போனின் குரல் வந்துசேரக் கொஞ்சம் தாமதமாகும். தாமதமானால் அடுத்தவருடைய முறைக்குள் போய் விழும். அதனால் டவர் ஒவ்வொரு போனிடமும் ‘நீ இவ்வளவு முன்னாலேயே பேசு’ என்று சொல்லிவைக்கும். முன்தள்ளுவதற்கு 63 படிகள்தான் உண்டு. படிக்கு 550 மீட்டர். மொத்தம் 35 கிலோமீட்டர், கடல் கணக்கில் ஏறக்குறைய 19 மைல். அதற்கு அப்பால், மறைக்க மரமோ கட்டடமோ இல்லாத கடலில், டவரின் குரல் போனை எட்டும். போனுக்கு இடம் கொடுக்க மட்டும் டவரால் முடியாது. இதைத் தரையில் கோடு போட்டு விளக்கியதும் அவர் புரிந்துகொண்டார். கரையை நோக்கித் திரும்பும்போது அந்த எல்லைக்குள் வந்தவுடன் ஏலக்காரரைக் கூப்பிட்டு விலை விசாரிப்பது படகுகளில் வழக்கமாகிவிட்டது.

எங்கள் சனங்கள் இந்த அமைப்பைப் படிக்காமலே புரிந்துகொண்டார்கள் என்பதற்கு மிஸ்டு கால் சாட்சி. ஒரு எண்ணை அழைத்தால், அந்தப் போன் எந்த டவரடியில் இருக்கிறது என்பது நெட்வொர்க்குக்குச் சரியாகத் தெரியாது. எந்த வட்டாரத்தில் என்று மட்டும் தெரியும். வட்டாரத்தின் எல்லா டவர்களும் சேர்ந்து கூப்பிடும். போன் பதில் சொல்லும், மணி அடிக்கும். இவ்வளவுக்கும் பைசா கிடையாது. அன்று எடுத்தால்தான் மீட்டர் ஓடும். திருவாரூரில் பஸ் ஏறியதும் ஒரு மிஸ்டு கால், மன்னார்குடியில் இறங்கியதும் இரண்டு என்று குடும்பங்கள் தங்களுக்கென ஒரு மொழியே வைத்திருந்தன. குறுஞ்செய்தியில் தமிழுக்கு அவ்வளவு வசதி கிடைக்கவில்லை. ஒரு செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்தில் 160 வரும், தமிழில் 70-தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். நாம் ஐந்து எழுத்து என்று எண்ணும் ‘வணக்கம்’ அங்கே ஏழு. ஒரு தலைமுறையே தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

2004 டிசம்பர் 26. தமிழ்நாட்டில் சுனாமிக்கு அதிக உயிர்களைக் கொடுத்தது நாகை மாவட்டம். அன்று நான் பார்த்த அளவில், நின்ற டவர்களிலும் பேச முடியவில்லை. பதினாலு இடத்துக்கு ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் முட்டினார்கள். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். குரல் போகாத நேரத்தில் குறுஞ்செய்தி மெதுவாகவேனும் போய்ச் சேர்ந்தது. காரணம் இருக்கிறது. குரலுக்கு ஒரு முறை முழுதும், பேசி முடிக்கும்வரை வேண்டும். செய்திக்கு டவரும் போனும் தகவல் பரிமாறும் சிறு பாதையில் சில நொடி இடம் போதும். முதல் தடவை கிடைக்காவிட்டால் மையத்தில் காத்திருந்து மறுபடி முயலும். மனிதன் சோர்ந்து கைவிடுவான், அது கைவிடாது.

பிறகு வந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 3ஜியில் எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே அலையில், ஆளுக்கொரு குறியீட்டோடு பேசினார்கள். சென்னைக்கு அது 2009 பிப்ரவரியில் வந்தது. 2010 ஏலத்தில் அரசுக்கு 67 ஆயிரம் கோடிக்கு மேல் கிடைத்தது. 3ஜியில் விநோதம் ஒன்று உண்டு: பேசுகிறவர்கள் கூடக் கூட டவர் எட்டும் தூரமே சுருங்கும், இரவில் ஆள் குறைந்ததும் விரியும். 4ஜியில் அலையை மெல்லிய இழைகளாகப் பிரித்து, ஒவ்வொரு மில்லிசெகண்டும் யாருக்கு எத்தனை இழை என்று டவரே முடிவு செய்கிறது. 2016 செப்டம்பருக்குப் பிறகு குரலுக்கு நிமிடக் கணக்கே மறைந்தது. மிஸ்டு காலும் மறைந்தது. 2022 அக்டோபரில் வந்த 5ஜி, 64 சிறு ஆன்டெனாக்களைச் சேர்த்து அலையைக் குவித்து, ஆள் இருக்கும் திசைக்கு அனுப்புகிறது.

பெரும்பாலும் அலைவரிசை மேலே ஏறியது; மேலே ஏறினால் எட்டும் தூரம் குறையும்; டவர்கள் நெருங்கி வந்தன. நான் செல்போன் வேலையில் இறங்கிய காலத்தில் ஒரு 2ஜி டவரை மையத்தோடு இணைக்க 2 எம்பிபிஎஸ் லிங்க் ஒன்று போதும். டவரில் வெள்ளை முரசுபோல் தெரியும் மைக்ரோவேவ் ஆன்டெனா அதைச் சுமந்துவிடும். இன்று ஒரே வீட்டுப் பையன் அதைப்போலப் பல மடங்கு இழுக்கிறான். ஆகவே டவரடிக்குக் கண்ணாடி இழை கேபிள் வந்தே தீர வேண்டும். கம்பியில்லாத போன் என்கிறோம். போனுக்கும் டவருக்கும் நடுவில்தான் கம்பி இல்லை. அதற்கு அப்பால் எல்லாம் மண்ணுக்கடியில் ஓடுகிறது, ஜேசிபி பல்லுக்குப் பயந்துகொண்டு.

அதைக் காக்கும் ஆட்களும் குறைந்துவிட்டார்கள். 2018 பிப்ரவரியில் ஏர்செல் நின்றபோது எண்ணை மாற்றிக்கொள்ள ஊர் ஊராகக் கடைவாசலில் கூட்டம் நின்றது. 2020 ஜனவரி 31-ல் பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் 78,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியேறினோம். 1984-ல் தொடங்கிய அரசு ஆய்வு நிறுவனமான சி-டாட், குளிர்சாதனம் இல்லாமலே ஓடும் கிராம எக்ஸ்சேஞ்சை உருவாக்கிக் கொடுத்தது. அதே சி-டாட், தேஜஸ், டிசிஎஸ் சேர்ந்து உருவாக்கிய உள்நாட்டு 4ஜி 2025 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் கருவி நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நான் போய்ப் பார்த்த ஊர்களில் டவர் இரும்பு பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. டவருக்குக் கீழே இரண்டு வோல்ட் செல் இருபத்திநாலு, மொத்தம் 48 வோல்ட். நல்ல பேட்டரியாக இருந்தால் ஆறு, எட்டு மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டர், மணிக்கு இரண்டு லிட்டர் டீசல். டீசல் கொண்டுபோகும் பாதையெங்கும் தென்னை விழுந்து கிடந்தது. ஒவ்வொரு டவராக அணைந்தது. ஜெனரேட்டர் ஓடிய இடங்களில் சனங்கள் போனுக்குச் சார்ஜ் போட வரிசையில் நின்றார்கள். காயம்பட்டவருக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட மரங்களைத் தாண்டி நடந்து போனவர்களை நான் அறிவேன்.

ஆகவே இரண்டு கோரிக்கை. கடலோர வட்டங்களில் புயலுக்குப் பின் முதலில் மின்சாரம் கொடுக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் ஆஸ்பத்திரி, குடிநீர்த் தொட்டியோடு டவரையும் அரசு சேர்க்க வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன்பே அங்கே டீசல் இருப்பு இருக்க வேண்டும். இரண்டாவது உங்களுக்கு. புயல், வெள்ளம் என்று சேதி வந்தால் ஊரில் இருக்கும் சொந்தங்களைத் திரும்பத் திரும்ப அழைக்காதீர்கள். ‘நலமா?’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். பேசும் இடத்தை ஆம்புலன்ஸுக்கும் மீட்புக்கும் விட்டுக்கொடுங்கள்.